பூஜ்யம் வாங்கிய எருமை

அந்தக் கோடையில் புல்லெல்லாம் கருகிக் கிடந்தது. பொது அறிவுப் போட்டிக்கு ஒரு மூட்டை சோளம் பரிசு என்றதும் சேவலும் எருமையும் வந்து நின்றன. கேள்வி கேட்டது ஆந்தை. முன்னால் இருக்கும் மணியை முதலில் அடிப்பவருக்கே முதல் வாய்ப்பு. சரியான பதிலுக்குப் பத்து மதிப்பெண். தப்பாகச் சொன்னால் பத்து குறையும்.

"நம் காட்டில் முதல் நாடகம் போட்ட மயில்..." என்று ஆந்தை ஆரம்பித்தது. விடிவதற்கு முன்பே கூவிப் பழகிய சேவலுக்குப் பொறுமை ஏது? மணியை அடித்து, "ஆலமரத்தடியில்!" என்றது.

"என்ன வேஷம் கட்டியது என்று கேட்க வந்தேன். தப்பு. எருமையாரே, நீங்கள்?"

எருமை நிதானமாக அசைபோட்டுவிட்டு, "தெரியாதுங்க" என்றது.

ஓட்டப்பந்தயம், பழைய போர், குயில் பாஷை, தேன் விலை என்று எதைக் கேட்டாலும் இதே கதைதான். ஒவ்வொரு "தெரியாதுங்க"வுக்கும் கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது.

கடைசியில் ஆந்தை கணக்குப் போட்டது. சேவலுக்கு மைனஸ் ஐம்பது, எருமைக்குப் பூஜ்யம்.

"ஜெயித்தது எருமை!"

சிரித்த கூட்டமே மாலை போட்டு, மேளம் கொட்டி ஆடியது. "எருமையாரே, ஜெயித்த ரகசியம் என்ன?" என்று ஆந்தை கேட்டது.

எருமை சோளத்திலிருந்து தலையைத் தூக்குவதற்குள் மணி அடித்தது.

"நான் சொல்றேன்!" என்றது சேவல்.