பித்தளை உருண்டையும் ஓட்டைத் தொப்பியும்

எங்கே இதைத் தப்பாகச் சொல்லிவிடுவேனோ என்று பயமாகத்தான் இருக்கிறது. பொழுது பார்க்கும் பித்தளை உருண்டை ஒன்று. மேனி முழுக்க மணிக்கோடுகள். அதன் தலையில் நட்சத்திர முனைகள் நீட்டிய ஓட்டைத் தொப்பி. எந்த முனை எந்தக் கோட்டில் நிற்கிறது என்று பார்த்துத்தான் பொழுது சொல்வார்கள். இரண்டுக்கும் நடுவே ஒரு சிலந்தி முட்டையிட்டிருந்தாள். யாரோ பொழுது பார்க்கத் திருப்ப, முட்டைப் பை நசுங்கப் பார்த்தது.

“யார் அசைந்தது?” என்று பதறினாள் சிலந்தி.

“நான் இல்லை தாயி. ஆட்டமெல்லாம் அந்தத் தொப்பிப் பயலுடையது,” என்றது உருண்டை.

“புளுகு! நட்சத்திரமெல்லாம் என்னிடம் இருக்க, நான் ஏன் ஆடணும்? உருளுவது இந்தக் குண்டன்தான்,” என்றது தொப்பி.

கோட்டில் நின்று பார்த்தால் முனை நகர்ந்திருந்தது. முனையில் நின்று பார்த்தால் கோடு நகர்ந்திருந்தது. யாரை நம்பி முட்டையை விடுவது?

சிலந்தி இரண்டையும் சேர்த்து நூலால் இறுக்கிக் கட்டினாள். முட்டைகள் பொரிந்தன. உருண்டையில் மட்டும் அதன் பிறகு பொழுது நகரவே இல்லை.