அண்ணன் விட்ட மூச்சு

மின்விசிறியையும் ஃப்ரிட்ஜையும் அணைத்தாயிற்று; வீடே வாய்பொத்தி நிற்கிறது. நடன இசை அமைப்பவர்களுக்காக ஒலித்துணுக்குகளைப் பிடித்து, சாம்பிள் பேக்காகக் கட்டி விற்பவள் தங்கை. மாலைக்குள் தொகுப்பு போயாக வேண்டும், பாட்டை உச்சிக்கு ஏற்றுகிற ஒரே ஒரு ஒலி மட்டும் சிக்கமாட்டேன் என்கிறது. இரும்பு அலமாரியருகே மைக்கை நீட்டியபடி அவள் கண்ணைக் காட்டுகிறாள். அண்ணன் அதன் கதவை அறைகிறான். அதிர்வு சுவரில் ஏறி, சன்னல் கம்பியில் இறங்கி, கடைசி இழை அடங்கும்வரை இருவரும் சிலையாக நிற்கிறார்கள். அவன் மூக்கு நுனியில் ஒரு வியர்வைத்துளி தொங்குகிறது. அடக்கிவைத்த மூச்சை அவன் புஸ்ஸென்று விடுகிறான். பதிவு இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. "ஐயோ, கெடுத்துட்டேனா?" அவள் பதிவை நிறுத்துகிறாள். கணினியில் கதவோசையை வெட்டி எறிகிறாள். மூச்சை மட்டும் பின்முன்னாகத் திருப்பி, இழுத்து நீட்டி, ஓடவிடுகிறாள். எங்கோ தொலைவில் கிளம்பிய புயல் அறைக்குள் ஏறி ஏறி வந்து, உச்சியில் சட்டென்று அறுந்து நிற்கிறது. நடன அரங்கில் ஆயிரம் பேர் கை தூக்கிக் காத்திருக்கப்போகிற நொடி அது. அவனுக்கு உடம்பெல்லாம் சிலிர்க்கிறது. இந்தக் காது இவளுக்கு எங்கிருந்து வந்தது? "அண்ணா, அப்படியே நில்லு," என்று மைக்கை அவன் வாயருகே கொண்டுவருகிறாள். "அதே மாதிரி இன்னொரு தடவ விடு." மூச்சை எப்படி விடுவது என்பதே அவனுக்கு மறந்துபோகிறது.