நாலாம் கட்டில் பொம்மையின் எடை

செவிலியர் கல்லூரியின் பயிற்சி வார்டில், நாலாம் கட்டிலில் கிடந்த பிளாஸ்டிக் பொம்மையின் எடை பதினெட்டுக் கிலோ. மாணவிகள் எடை பார்த்துப் பழகுவதே அதை வைத்துத்தான்.

மூன்றாம் ஆண்டு மாணவி ஒருத்தி மதிய இடைவேளையில் அந்த வார்டின் கதவைச் சாத்திக்கொண்டு, வயிறு முட்டிய பிறகும் நிறுத்த முடியாமல் தின்பாள். தின்றதை எழுதாமல் விட மனசு கேட்காது. படித்த படிப்பு அப்படி. தன் பெயரில் எழுதவோ வெட்கம். அதனால் பொம்மையின் கட்டிலில் தொங்கிய உணவு அட்டையில் எழுதிவைத்தாள்: 'ரொட்டி பன்னிரண்டு துண்டு. ஜாம் ஒரு பாட்டில்.'

பரீட்சை மாதத்தில் பொம்மை இருபத்தேழு கிலோ காட்டியது. "யாருடி இதுக்குச் சோறு போட்டது?" என்று ஆசிரியை சிரித்தார். எடை இயந்திரத்தை மாற்றினார்கள். அப்போதும் இருபத்தேழுதான்.

அன்றே அவள் அறைத்தோழியிடம் தன் தீனியைப் பற்றி எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள்.

"இதுக்கா இவ்ளோ நாள் தனியா தவிச்சே? டாக்டர்கிட்ட நான் கூட வரேன். மத்தியானம் இனிமே சேர்ந்தே சாப்பிடுவோம்."

அதற்குப் பிறகு நாற்பது நாளாக அட்டையில் அவள் ஒரு வரிகூட எழுதவில்லை. பொம்மை பத்தொன்பதுக்கு இறங்கியிருந்தது.

"சாதிச்சிட்டேடி!" என்று தோழி முதுகில் தட்டினாள். மாணவிக்குப் பெருமை பிடிபடவில்லை. தோழிக்குக் காட்டக் கழற்றிய அட்டையைத் திரும்ப மாட்டப் போனபோதுதான், 'நோயாளி சொன்னது' என்ற கட்டத்தில் புதிதாக ஒரு சொல்லைப் பார்த்தாள்.

'பசிக்குது.'

அவள் பேனாவை எடுத்தாள். அதன் கீழே 'எனக்கும்தான்' என்று எழுதி, மணியைக் குறித்து, கையெழுத்தும் போட்டுவிட்டு, தலைநிமிர்ந்து தோழியோடு சாப்பிடப் போனாள்.