மூன்றாவது கல்

நகைக்கடையில் கல் பரிசோதிக்கும் வேலைக்குத் தேர்வு.

"தெரிஞ்சவங்கன்னு சலுகையெல்லாம் கிடையாது," என்று ஒரே அளவில் இரண்டு வெள்ளைக் கற்களை அவன் முன்னால் வைத்தாள் தலைமைப் பரிசோதகர்.

"இது ஜிர்கான் மேடம். கனம் ஜாஸ்தி. லென்ஸ்ல பார்த்தா பின்பக்க விளிம்பெல்லாம் ரெண்டு ரெண்டாத் தெரியுது. இது வைரம். ஊதின ஆவி பட்டுனு மறையுது," என்று புட்டுப் புட்டு வைத்தான்.

"பரவாயில்லையே! கடைசியா இது."

தன் விரலில் கிடந்த மோதிரத்தைக் கழற்றி நீட்டினாள். ஊதினான். ஆவி அசையாமல் உட்கார்ந்திருந்தது. உண்மை நாக்கு நுனிவரை வந்து திரும்பிப் போனது.

"வ... வைரம் மேடம்."

"கல்யாணத்தன்னைக்குச் சொன்ன அதே பொய்! வேலையும் போச்சு, ராத்திரிச் சோறும் போச்சு," என்று மோதிரத்தைத் திரும்ப மாட்டிக்கொண்டாள் அவன் மனைவி.