கேத்தில் பிடிக்கிற துணி

மருமகள் கஜந்தி கிளினிக்குக்குப் போய் ஒரு மணித்தியாலம்தான் ஆகியிருந்தது. அதற்குள் தவமலர் குழந்தைச் சட்டையின் ஒரு கையை மூட்டிவிட்டாள். ஊசி துணிக்குள் இறங்கி ஏறும்போதெல்லாம் நெஞ்சுக்குள் ஏதோ இனித்தது.

"மருமகள் கண்டால் என்ன செய்வாய்?" என்று கேற்றடியில் காவல் நின்ற கணவர் கனகரத்தினம் கேட்டார்.

"பிறகு அவளின்ர முகத்தில முழிக்க ஏலாது. அதுக்குத்தானே உங்களை அங்க விட்டனான்!"

பிள்ளை பிறக்கும் முன் அதற்கென்று ஒன்றும் தைக்கவோ வாங்கவோ கூடாது என்பது அந்த வீட்டின் கட்டளை. அதை மீறுவது தவமலருக்குப் பயமாகவும் இருந்தது, ஆசையாகவும் இருந்தது.

கனகரத்தினம் தூரத்தில் தெரிந்த துறைமுகத்துக்குள் நுழைந்த கப்பலையே பார்த்துக்கொண்டிருந்ததில் ஓட்டோவைக் கவனிக்கவில்லை. கஜந்தி நிறைவயிற்றோடு நேரே உள்ளே வந்துவிட்டாள்.

"என்ன மாமி தைக்கிறியள்?"

"கேத்தில் பிடிக்கிற துணி, பிள்ளை. தேத்தண்ணி வைக்கேக்க கை சுடுது."

"கேத்தில் துணிக்குக் கையும் கழுத்துமோ?" கஜந்தி இடுப்பில் கை வைத்தாள். "நான் ஆசையா வாங்கின ரெண்டு சட்டையையும் கூடாதெண்டு கடைக்குத் திருப்பி அனுப்பினது ஆர்?"

தவமலர் தலையை நிமிர்த்தவில்லை.

"நான்தான்."

பிறகு கஜந்தி கதிரையை இழுத்துப் பக்கத்தில் போட்டு அதில் அமர்ந்தாள்.

"மற்றக் கையை நான் மூட்டுறன். பொத்தானை மட்டும் தைக்காமல் விடுவம். பொத்தான் இல்லாட்டில் அது இன்னும் சட்டை இல்லைத்தானே, மாமி?"