பை கட்டிய கைகள்

அப்போதிக்கரி முத்துலிங்கம், வீரகத்தியின் இரண்டு உள்ளங்கைகளையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

வெடிப்புகள் மூடியிருந்தன. தண்ணீர் இறைக்கும் எஞ்சின்களைத் திருத்தி, மண்ணெண்ணெயிலேயே ஊறி, பிளந்து இரத்தம் கசிந்த கைகள் அவை.

"மருந்து நல்லா உள்ளுக்குப் போயிருக்கு அண்ணை. ஆளும் கொஞ்சம் தேறியிருக்கிறியள்."

மாங்குளத்தில் ஒரு பள்ளிக்கூடக் கொட்டகையில்தான் முத்துலிங்கம் மருந்து கொடுத்தார். கேட்காமலே விளக்கம் சொல்லுகிற ஆள். உள்ளங்கைத் தோல் தடிப்பானது, மருந்து லேசில் உள்ளே இறங்காது என்றார். கிறீமில் பாதிக்கு மேல் தண்ணீர்தானாம். பூசியதும் அது காய்ந்துவிட, மருந்து மேலேயே நின்றுவிடுமாம். பிசுபிசுப்பான களிம்பு என்றால் தோலை மூடிக்கொண்டு மருந்தை உள்ளே இறக்கும். ஆனால் யுத்தத் தடையால் களிம்பு வவுனியாவுக்கு வடக்கே வருவதில்லை. அதனால்தான் கிறீமைப் பூசி, மேலே பொலித்தீன் பையால் கட்டச் சொன்னாராம்.

"இனி நிப்பாட்டுங்கோ. கனநாள் பூசினா தோல் மெலிஞ்சுபோம். படுக்கப் போகேக்கைதானே கட்டினனீங்கள்? சாப்பிட்டு முடிஞ்ச பிறகு கட்டுங்கோ எண்டு அக்காவுக்குப் படிச்சுப் படிச்சுச் சொன்னனான்."

வீரகத்தி நிமிர்ந்து அவரைப் பார்த்தார்.

போன தடவை கையைக் காட்டியதும் வீரகத்தி வெளியே போய்ச் சைக்கிளோடு நின்றுவிட்டார். சொன்னதையெல்லாம் கேட்டுக்கொண்டு வந்தவள் மனைவி பத்மாசனிதான்.

அன்றைக்கே, சோற்றை இறக்கிய கையோடு அவள் கிறீமைப் பூசி, கைகளைப் பைகளுக்குள் விட்டு, மணிக்கட்டில் நூலால் கட்டிவிட்டாள். அப்போதிக்கரி சாப்பாட்டுக்கு முன்னம் கட்டச் சொன்னவர் என்றாள். பிறகு சோற்றுக் கோப்பையோடு அவருக்கு முன்னால் வந்து இருந்தாள்.

போன மாரியில் மலேரியாக் காய்ச்சல் கஜனியைக் கொண்டுபோனது. ஒரே பிள்ளை. அதற்குப் பிறகு வீரகத்தி சோற்றைக் குழைப்பார். குழைத்தபடியே வைத்துவிட்டு எழும்பிவிடுவார். பத்மாசனி கெஞ்சியும் பார்த்தாள், ஏசியும் பார்த்தாள்.

கைகள் கட்டுண்ட அந்த முதல் நாளிலும் அவர் முகத்தைத் திருப்பினார். "கையை ஆட்டாதேங்கோ, பை கழண்டுபோம்" என்று சொல்லிக்கொண்டு, குழைத்த சோற்றை வாய்க்கு நேரே பிடித்தபடி அவள் அப்படியே இருந்தாள். கோப்பையைத் தள்ளிவைக்கப் பழகியிருந்தவருக்கு அந்தக் கையைத் தள்ள முடியவில்லை. அன்றிலிருந்து ஒவ்வொரு நாளும் அப்படித்தான் சாப்பாடு.

"என்னண்ணை, சொன்னபடிதானே கட்டினது?" என்று முத்துலிங்கம் மறுபடி கேட்டார்.

"ஓம் ஐயா," என்றார் வீரகத்தி. "படுக்கப் போகேக்கைதான்."

வீட்டுக்குத் திரும்பும்போது அவர் சைக்கிளில் ஏறவில்லை. உருட்டிக்கொண்டே நடந்தார்.

இருக்கிற மண்ணெண்ணெய் எஞ்சின்களுக்கே போதாமல், விளக்கெரிக்க எண்ணெய் இல்லாத காலம். பொழுதுபட முன்னமே சாப்பாடு. அவர் முகம் கழுவி வந்து இருந்தபோது, பத்மாசனி கிறீமும் பைகளுமாக அடுப்படியிலிருந்து வந்தாள்.

"என்னவாம்?"

"காயமெல்லாம் மாறிப்போச்சாம். இனிப் பூச வேண்டாமாம்."

அவள் "நல்லது" என்று மட்டும் சொன்னாள். பைகளை ஒன்றின் மேல் ஒன்றாக வைத்து, மெதுவாக நீவி மடிக்கத் தொடங்கினாள்.

"பையை மட்டும் கட்டச் சொன்னவர்," என்றார் வீரகத்தி.

மருந்தில்லாமல் வெறும் பை எதற்கு என்று பத்மாசனி கேட்கவில்லை. அவருடைய முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"எப்ப கட்டச் சொன்னவர்?"

"சாப்பாட்டுக்கு முன்னம்," என்று சொல்லி, அவர் இரண்டு கைகளையும் நீட்டினார்.