மின்னல் குறி போதாது

மின்னல் குறி வந்துவிட்டது.

அவள் நம்பவில்லை.

“சார்ஜ் ஏறுதுக்கா, பாருங்க,” என்றார் செல்போன் கடைக்காரர் அன்வர்தீன். பில் புத்தகத்தை இழுத்தார்.

“ஏறட்டும் பாய். பாக்கறேன்.”

புதுக் கேபிள் மாட்டிய போனைக் கண்ணாடி மேசைமேல் வைத்தாள். நின்றாள்.

திரையில் இரண்டு எண்கள். மேல் ஓரத்தில் சின்னதாக 4%. நடுவில் பெரிதாக 69. பக்கத்தில் கீழே பார்க்கும் ஓர் அம்பு.

பெரிய எண் மகளுடைய சர்க்கரை. மகிழினிக்கு ஒன்பது வயது. அவள் கையில் ஒட்டியிருக்கும் சென்சார் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அளந்து, அம்மாவின் போனுக்குச் சொல்லும். பள்ளிக்கூடம் நாலு கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. எழுபதுக்குக் கீழே போகக் கூடாது.

ஸ்டெல்லா டீச்சரிடம் இப்போதுதான் பேசினாள். குளுக்கோஸ் கரைத்துக் கொடுத்தாயிற்று என்றார். அது போதுமா என்பதை அடுத்த கால் மணி நேரம் சொல்லிவிடும். எண் ஏறாவிட்டால் உடனே கூப்பிட்டு இன்னொரு டம்ளர் கொடுக்கச் சொல்ல வேண்டும். அதற்கு போன் உயிரோடு இருக்க வேண்டும்.

போன வியாழக்கிழமையும் மின்னல் குறி வந்தது.

பஸ் ஸ்டாண்டில் வாங்கிய கேபிள். குறியைப் பார்த்ததும் நிம்மதியாக வேலைக்குத் திரும்பினாள். குறி பாட்டுக்கு எரிந்தது. சார்ஜ் பாட்டுக்கு இறங்கியது. போன் அணைந்து கிடந்த நாற்பது நிமிடத்தில்தான் மகள் மைதானத்தில் சுருண்டு விழுந்தாள்.

ஒரு குறியை நம்பினேனே, எனக்கு அறிவு எங்கே போயிற்று என்று நாலு நாளாகத் தன்னையே திட்டிக்கொண்டிருக்கிறாள்.

3%.

கேபிளைக் கழற்றி அவர் பக்கம் தள்ளினாள்.

“வேற குடுங்க.”

“அப்ப ஒரிஜினலே போயிருங்கக்கா. வெலை கூடத்தான். ஆனா கம்பெனி சரக்கு, சீல் பிரிக்காதது.” வெள்ளை டப்பா ஒன்றை எடுத்து வைத்தார். அதன் மூலையை விரலால் லேசாகத் தடவினார்.

அவள் டப்பாவைப் பார்க்கவில்லை. அந்த விரலைப் பார்த்தாள்.

பெரிய ஜவுளிக்கடை ஒன்றில், பட்டுப் பிரிவில், பதினோரு வருடமாக நிற்கிறாள். ஒரிஜினல் என்ற சொல்லை அவளும் அப்படித்தான் சொல்வாள். ஜரிகையை விரலால் லேசாகத் தடவி, வாங்குகிறவர் கண்ணைப் பார்க்காமல்.

“சீலைப் பிரிங்க.”

“பிரிச்சா நீங்க எடுத்துக்கணும்க்கா.”

“பிரிங்க பாய்.”

பிரித்தார். மாட்டினாள். மின்னல் குறி வந்தது.

நின்றாள். நிற்பது அவளுக்கு ஒன்றும் புதிதல்ல.

3%.

67. அம்பு கீழே.

3%.

2%.

“ஒங்க போன்லதான்க்கா கோளாறு.”

நாற்பது புடவைகளை விரிக்க வைக்கும் அம்மாக்கள் சிலர் வருவார்கள். அவளுக்கு அவர்கள்மேல் எரிச்சல்தான். ஆனால் கடைசியில் அவர்கள் கேட்கும் ஒரு கேள்விக்கு மட்டும் எந்த விற்பனைப் பெண்ணுக்கும் சட்டென்று பொய் வராது. நீ இதைக் கட்டுவியாம்மா என்பார்கள்.

“ஒங்க போனுக்கு எதுல சார்ஜ் போடுறீங்க, பாய்?”

அன்வர்தீன் அவள் போனைப் பார்த்தார். அந்தப் பெரிய எண் என்னவென்று அவருக்குத் தெரியாது. ஆனால் அவள் முகம் தெரிந்தது.

குனிந்தார். மேசைக்கு அடியில் தன் போனில் மாட்டியிருந்த கேபிளைப் பிடுங்கி மேலே இழுத்தார். தடித்த கறுப்பு ஒயர். முனையில் வேறு ஏதோ கம்பெனியின் பெயர், பாதி தேய்ந்திருந்தது.

“ரெண்டு வருசமா இதான்க்கா.”

ஒரிஜினல் இல்லை. டப்பா இல்லை. அவர் குரலும் இப்போது விற்கிற குரலாக இல்லை.

மாட்டினாள்.

2%.

66.

வெளியே டவுன் பஸ் ஒன்று ஹாரனை விடாமல் அடித்தது. சாப்பாட்டு நேரம் முடிந்து பத்து நிமிடம் ஆகிவிட்டது. மேனேஜர் கேட்பார். கேட்கட்டும்.

3%.

அவர் ஸ்டூலை அவள் பக்கம் நகர்த்தினார். அவள் உட்காரவில்லை.

4%.

68. அம்பு படுத்தது.

6%.

74. அம்பு மேலே.

கண்ணில் நீர் முட்டியது. புறங்கையால் துடைத்துக்கொண்டாள்.

“இதே கம்பெனி புதுசு இருக்குக்கா. எடுத்துத் தரேன்.”

“புதுசு வேணாம் பாய். இதையே குடுங்க. நான் பாத்தது இதைத்தான்.”

கறுப்பு ஒயரைச் சுருட்டிக் கொடுத்தார். பிரித்த வெள்ளை டப்பாவுக்கு அவர் காசு கேட்கவில்லை.

மூன்றரை மணிக்கு, பட்டுப் பிரிவில், பில் மேசைக்குப் பின்னாலிருந்த பிளக்கில் போன் இருந்தது. 58%. 112. நின்ற இடத்திலிருந்தே இரண்டும் தெரிந்தன.

கல்யாணத்துக்கு எடுக்க வந்த ஓர் அம்மா, மகளோடு உட்கார்ந்திருந்தார். மாம்பழ நிறப் புடவையை மடியில் போட்டுக்கொண்டு கேட்டார்.

“ஒரிஜினல் பட்டுதானேம்மா?”

மேனேஜர் இரண்டடி தள்ளி நின்றார்.

அவளுடைய விரல் ஜரிகைக்குப் போனது. பாதியில் நின்றது.

கையை எடுத்துக்கொண்டாள். அந்த அம்மாவின் கண்ணைப் பார்த்தாள்.